பட்டாளத்துக் கதவும் சேரியின் காத்திருப்பும்

1

பட்டாளத்தைப் பற்றி நம் பத்திரிகைகளில் எழுதியது குறைவு. நிலம், கூலி, சுடுகாட்டுப் பாதை, இரட்டைக் குவளை, கோயில், இடஒதுக்கீடு என்று நிறைய எழுதியிருக்கிறோம். எழுத வேண்டியவைதான். ஆனால் எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்துச் சேரிகளில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தால், ஓட்டுச் சுவரில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு பட்டாளத்து போட்டோ தொங்குவதைப் பல இடத்தில் பார்க்கலாம். எங்கள் குடும்பத்திலும் ஒருத்தர் இருந்தார். பெங்களூர் சாப்பர்ஸில் இருந்து பென்சன் வாங்கிய பெரியப்பா. சேரியிலேயே முதலில் செங்கல் வைத்துக் கட்டிய வீடு அவருடையது. மனு எழுதுவதற்கும், போலீஸ் வந்தால் நின்று பேசுவதற்கும் சனங்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஊர்க்காரர்கள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் "மிலிட்டரி" என்பார்கள். சாதிப் பேரைச் சொல்லிக் கூப்பிட முடியாமல் போனதற்கு அந்தப் பென்சன் புத்தகம் ஒரு காரணம்.

உள்ளே போனவர்களின் கதை இப்படி நம் வீடுகளில் கொஞ்சம் உண்டு. வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டவர்களின் கதைதான் எங்கேயும் இல்லை. இந்த நாட்டில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் வேலை எப்போதெல்லாம் வேகமாக நடந்தது, எப்போதெல்லாம் இழுத்தடிக்கப்பட்டது, அந்த இழுத்தடிப்பில் யாருடைய வயசு கரைந்தது என்று கேட்டுப் பார்த்தால் ஒரு வரலாறு கிடைக்கிறது. "நீ வேண்டாம்" என்று உத்தரவு போட்டு நம்மைத் தள்ளிய காலம் ஒன்று. உத்தரவே போடாமல், காக்க வைத்தே தள்ளுகிற காலம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள உறவைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

2

எங்கள் மாவட்டத்து மண்ணே ஒரு யுத்த மண். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அயர் கூட் தலைமையில் கம்பெனிப் படை பிரெஞ்சுக்காரன் லாலியைத் தோற்கடித்தது. தென்னிந்தியா யாருக்கு என்பதைப் பெருமளவு முடிவு செய்த சண்டை அது. 1767 செப்டம்பரில் முதலில் செங்கத்திலும், அந்த மாதக் கடைசியில் திருவண்ணாமலையிலும் கர்னல் ஸ்மித்தின் படை ஹைதர் அலியோடும் நிஜாமோடும் மோதியது. 1782இல் ஆரணியில் மறுபடியும் சண்டை. இந்தச் சண்டைகளில் தளபதிகளின் பேர் புத்தகத்தில் இருக்கிறது. சிப்பாய்களின் பேர் இல்லை.

கம்பெனியின் மதராஸ் படையில் பறையர்கள் இருந்தார்கள். துப்பாக்கி தூக்கினார்கள், பள்ளம் வெட்டினார்கள், பாலம் போட்டார்கள், கோட்டைச் சுவருக்கு வெடி வைத்தார்கள். 1780இல் இரண்டு பயனியர் கம்பெனிகளாகத் தொடங்கி, பின்னாளில் மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்று பேர் வாங்கிய படையில் நம் சனங்களின் பங்கு பெரிது. சீனா, அபிசீனியா, பர்மா என்று வெள்ளைக்காரன் போன இடத்துக்கெல்லாம் அந்தப் படை போனது. ஊரில் தெருவுக்குள் செருப்புப் போட முடியாதவன் பட்டாளத்தில் பூட்ஸ் போட்டான். மராத்தியப் பகுதியில் மகர்களும் அப்படித்தான். 1818 ஜனவரி 1 கோரேகான் சண்டையின் நினைவுத்தூணில் மகர் வீரர்களின் பேர் கல்லில் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பெனிக்கு நம் மேல் அன்பு இருந்ததால் எடுக்கவில்லை. ஆள் தேவை, அதனால் எடுத்தான். அப்போது யாரும் நம் ஆளைப் பார்த்து "உன் ரத்தத்தில் வீரம் உண்டா?" என்று கேட்கவில்லை. எழுத்துப் பரீட்சை வைக்கவில்லை. வருசக்கணக்கில் வரிசையில் நிற்க வைக்கவும் இல்லை.

3

தேவை குறைந்ததும் கேள்வி வந்தது. 1857க்குப் பிறகு, அதிலும் 1880களில், "வீர இனம்" என்ற சரக்கு இந்தியப் படைக்குள் இறக்கப்பட்டது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்கும், அதன்பின் 1893 வரை இந்தியப் படை முழுக்கவும் தளபதியாக இருந்த பிரெடரிக் ராபர்ட்ஸ் இதற்குப் பெரிய பிரச்சாரகர். 1897இல் வெளியான தன் நினைவு நூலில், தென்னிந்தியச் சிப்பாய்க்குப் போர்க்குணம் செத்துவிட்டது என்ற கருத்தைத் தயங்காமல் எழுதி வைத்தார். சீக்கியர், கூர்க்கா, பட்டாணியர், ராஜபுத்திரர் வீரர்கள், தெற்கத்தியான் சோர்ந்தவன். மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. சிலவற்றில் தெற்கத்தி ஆட்களை எடுத்துவிட்டுப் பஞ்சாபிகளை நிரப்பினார்கள்.

மராத்தியப் பக்கம் இது இன்னும் பச்சையாக நடந்தது. 1892இல் மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. வெள்ளைக்காரனின் இனக் கணக்கும் நம் நாட்டுச் சாதிக் கணக்கும் கை குலுக்கிக்கொண்ட இடம் அது. மேல்சாதிச் சிப்பாய், தீண்டப்படாத சுபேதாருக்கு சல்யூட் அடிக்க மாட்டான். ஆகவே தீண்டப்படாதவனுக்கே படையில் இடம் இல்லை. தீண்டாமையைக் கடைப்பிடிக்கிறவனை வெளியே அனுப்பவில்லை. தீண்டாமைக்கு ஆளானவனை அனுப்பினார்கள்.

அண்ணல் பிறந்தது 1891இல், மாவ் கண்டோன்மெண்டில். அப்பா ராம்ஜி சக்பால் பட்டாளத்துப் பள்ளியில் ஆசிரியர், சுபேதார். பட்டாளத்துப் பிள்ளைகள் ஆணானாலும் பெண்ணானாலும் படித்தாக வேண்டும் என்று இருந்ததால் அந்தக் குடும்பத்தில் படிப்பு இருந்தது. அடுத்த வருசமே கதவு சாத்தப்பட்டது. இருபது வருசம் முன்னாடி சாத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கத் தோன்றுகிறது. நம் பக்கத்திலும் பரங்கிமலைக் கண்டோன்மெண்டில் பிறந்தவர்தான் எம்.சி. ராஜா. வெள்ளைக்காரனின் படைமுகாமைச் சுற்றித்தான் ஊரின் பிடி கொஞ்சம் தளர்ந்த ஒரு தலித் வாழ்க்கை உருவானது. சம்பளம் பணமாக வந்தது, நெல்லாக வரவில்லை. பண்ணையாரிடமிருந்து வரவில்லை. அதுதான் விசயம்.

4

சாத்திய கதவை நம்மவர்கள் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. படையில் இருந்து ஓய்வு பெற்ற கோபால் பாபா வலங்கர், தாபோலியில் இருந்த பென்சன்காரர்கள் மத்தியில் வேலை செய்தவர், 1894இல் பம்பாய்ப் படைத் தளபதிக்கு ஒரு மனு தயாரித்தார். மகர்களை மறுபடியும் சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை. அடுத்து சிவராம் ஜான்பா காம்ப்ளே. 1910இல் தக்காண மகர்களின் மாநாட்டின் பேரில் லண்டனில் இருந்த இந்திய மந்திரிக்கே மனு போனது. போலீசிலும் படையிலும் எங்களைச் சேர்த்துக்கொள் என்று கேட்டார்கள். தயவு கேட்கவில்லை. எங்கள் பாட்டன்மார் உனக்காகச் செத்தார்கள், கணக்கைப் பார் என்று கேட்டார்கள்.

மனு போடுகிறவன் நிலையை யோசியுங்கள். தபாலில் மனு போகிறது. மாதங்கள் போகின்றன. பதில் வந்தால் "பரிசீலிக்கப்பட்டது" என்று ஒரு வரி. பிறகு இன்னொரு மாநாடு, இன்னொரு மனு. கதவு மறுபடி திறந்தது 1917இல்தான். மனுவைப் படித்து மனம் இளகித் திறக்கவில்லை. முதல் உலக யுத்தத்தில் ஆள் போதவில்லை, திறந்தான். 111ஆம் மகர் படை எழுப்பப்பட்டது. 1892இல் பதினெட்டு வயசாக இருந்த பையனுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயசு. அவனை யாரும் தேடிப் போய் எடுக்கவில்லை. அவன் மகனை எடுத்தார்கள். யுத்தம் முடிந்தது, 1921இல் அந்தப் படையைக் கலைத்தார்கள். நான்கே வருசம்.

நம் பக்கத்துக் கதையும் அதேதான். யுத்தத்துக்கு ஆள் போனார்கள். கூலிப்படைப் பிரிவுகளிலும் போனார்கள். மதராஸ் மாகாணத்தின் சில கிராமங்களில் வெள்ளைக்காரன் பதித்த பலகை இன்னும் இருக்கிறது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் யுத்தத்துக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று எண் மட்டும் போட்டிருக்கும். பேர் இருக்காது. யுத்தம் முடிந்தபின் 1923க்கும் 1928க்கும் இடையில் மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் கலைக்கப்பட்டன. 1933இல் மதராஸ் பயனியர்ஸையும் கலைத்தார்கள். மதராஸ் பேரைச் சுமந்த முழுநேரப் படையாக மிஞ்சியது சாப்பர்ஸ் மட்டும்தான்.

பிறகு இரண்டாம் உலக யுத்தம். 1941இல் மதராஸ் ரெஜிமெண்ட் மறுபடி எழுப்பப்பட்டது. அதே வருசம் ஜூலையில் அம்பேத்கர் வைசிராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் சேர்ந்தார். அக்டோபர் 1 அன்று பெல்காமில் மகர் ரெஜிமெண்ட் பிறந்தது. 1943 மார்ச்சில் சமார் ரெஜிமெண்ட். அது கோஹிமாவில் ஜப்பான்காரனோடு சண்டை போட்டது. 1946 டிசம்பரில் கலைக்கப்பட்டது. 1939இல் சுமார் இரண்டு லட்சமாக இருந்த இந்தியப் படை 1945இல் இருபத்தைந்து லட்சம். இத்தனை பேரை எப்படி எடுத்தான்? ஊர் ஊராக வந்தான், மாரை அளந்தான், அன்றைக்கே வண்டி ஏற்றினான்.

1917, 1921, 1941, 1946. இந்த நாலு வருசத்தையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் போதும். அவர்களுக்கு அவசரம் வந்தால் நாம் வீரர்கள். நமக்கு அவசரம் வந்தால் வரிசை.

5

சுதந்திரத்துக்குப் பிறகு சாதி பார்த்து ஆள் எடுப்பது இல்லை என்று அரசு அறிவித்தது. காகிதத்தில் நல்ல சேதி. ஆனால் ஜாட், ராஜபுத்திர, டோக்ரா, சீக்கியப் படைகளின் பேர் அப்படியே இருந்தது. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ஜாட், ராஜபுத்திரர், ஜாட் சீக்கியர் மட்டுமே எடுக்கப்படுவது பற்றி நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. அரசு அதைச் சாதி என்று ஒத்துக்கொள்ளவில்லை. பணியின் தேவை என்றது.

படையில் எஸ்.சி., எஸ்.டி. இடஒதுக்கீடு இல்லை. பாபு ஜகஜீவன் ராம் பாதுகாப்பு மந்திரியாக இருந்து 1971 யுத்தத்தை நடத்தினார், அப்போதும் இல்லை. படையில் யார் எத்தனை பேர் என்ற கணக்கையும் சொல்ல மாட்டார்கள். அம்பேத்கர் 1940இல் பாகிஸ்தான் பற்றிய நூலில் இதை எழுதியிருக்கிறார். மத்தியச் சட்டசபையில் படையின் சமூகவாரிக் கணக்கைக் கேட்டபோது வெள்ளைக்காரன் அரசு சொல்ல மறுத்ததைக் கேள்வி பதிலோடு எடுத்துப் போட்டார். 2006இல் சச்சார் குழு முஸ்லிம்களின் எண்ணிக்கையைக் கேட்டபோதும் பாதுகாப்பு அமைச்சகம் தந்துவிடவில்லை. கணக்கு இல்லாத இடத்தில் குறை எப்படித் தெரியும்?

இதோடு இன்னொன்று. படைவீரரின் மகனுக்கு உயரம், மார்பு அளவில் கொஞ்சம் சலுகை உண்டு. எழுத்துத் தேர்வில் கூடுதல் மதிப்பெண்ணும் வைத்திருந்தார்கள். படைவீரர் குடும்பத்துக்கு மரியாதை செய்யட்டும், அதில் குறை சொல்லவில்லை. ஆனால் யாருடைய பாட்டனை 1892இல் வெளியே தள்ளினார்களோ, யாருடைய படையை 1921லும் 1946லும் கலைத்தார்களோ, அவன் பேரனுக்கு இந்தச் சலுகை எப்படிக் கிடைக்கும்? பழைய தடை புதிய மதிப்பெண்ணாக மாறி உட்கார்ந்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பையனுக்கு 166 சென்டிமீட்டர் உயரம் வேண்டும், மார்பு 77, மூச்சு இழுத்தால் இன்னும் 5. மூணு தலைமுறை கூழ் குடித்த வீட்டுப் பையனும், மூணு தலைமுறை பால் குடித்த வீட்டுப் பையனும் ஒரே நாடாவில் நிற்கிறார்கள்.

வீரம் யாருடையது என்பது நம் ஊரில் இன்னும் தீராத சண்டை. 1997இல் விருதுநகரில் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பேர் வைத்தார்கள். கட்டபொம்மனின் படையில் இருந்த, தேவேந்திரர் குலத்தில் பிறந்த வீரன். அந்தப் பேர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதிகள் கலவரம் செய்தார்கள். அரசு என்ன செய்தது? எல்லாத் தலைவர்களின் பேரையும் மாவட்டங்களில் இருந்தும் பஸ்களில் இருந்தும் எடுத்தது. 1989இல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது எங்களுக்குத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்றும், பக்கத்தில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றும் பேர். ஒரு தலித் வீரனின் பேர் பஸ்ஸில் இருக்கக்கூடாது என்பதற்காக அம்பேத்கர் பேரும் போனது, சம்புவராயர் பேரும் போனது.

6

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். இங்கே யாரும் "பறையனை எடுக்காதே" என்று உத்தரவு போடவில்லை. கதவு எல்லாருக்கும் ஒன்றுதான் என்கிறார்கள். அந்தக் கதவின் முன்னால் என்ன நடக்கிறது?

வட ஆற்காட்டுப் பக்கம் பட்டாளத்துக்குப் பேர் போனது. வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். எங்கள் கிரிவலப் பாதையில் விடியற்காலை நாலு மணிக்குப் போனால் சாமியைச் சுற்றுகிறவர்களுக்கு நடுவே பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிசத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண். பழைய முறையில் அடுத்த பதினைந்து நொடி தாண்டினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று இருந்தது. புல்-அப்ஸ் பத்து. ஒன்பது அடிப் பள்ளம் தாண்ட வேண்டும். அப்புறம் மருத்துவம், கடைசியில் எழுத்துத் தேர்வு. பழைய முறையில் வரிசை இதுதான். முகாமுக்கு நள்ளிரவிலேயே போய் நிற்க வேண்டும். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, நன்னடத்தைச் சான்று எல்லாம் கையில் இருக்க வேண்டும். சாதிக்கு எந்தச் சலுகையும் இல்லாத வேலைக்கும் சாதிச் சான்று கேட்பார்கள்.

2018-19இல் தரைப்படைக்கு 53,431 பேரை எடுத்தார்கள். 2019-20இல் 80,572 பேர். 2020-21இலும் 2021-22இலும் ஒருத்தர்கூட இல்லை. கொரோனா என்றார்கள். நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு: 2020-21இல் 97 முகாம்கள் நடத்தத் திட்டம், 47 நடந்தன, அதில் நாலுக்கு மட்டும் எழுத்துத் தேர்வு முடிந்தது. 2021-22இல் 87 திட்டம், நடந்தது நாலு, எழுத்துத் தேர்வு ஒன்றுகூட இல்லை. 2021 தொடக்கத்தில் எங்கள் திருவண்ணாமலையிலேயே முகாம் நடந்தது. பல மாவட்டப் பையன்கள் வந்தார்கள். ஓடித் தேறி, மருத்துவத்திலும் தேறியவர்களுக்கு மிச்சம் இருந்தது எழுத்துத் தேர்வு மட்டும். தேதி சொன்னார்கள், தள்ளி வைத்தார்கள். மறுபடி தள்ளி வைத்தார்கள். தேர்தல் கூட்டம் நடந்தது, கல்யாணம் நடந்தது, கடை திறந்தது, ரயில் ஓடியது. எழுத்துத் தேர்வு மட்டும் நடக்கவில்லை.

2022 ஜூன் 14 அன்று அக்னிபத் வந்தது. நாலு வருச வேலை. அதில் அதிகபட்சம் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்குத்தான் தொடர்ச்சி. மற்றவர்கள் கையில் சுமார் பதினொன்றே முக்கால் லட்சத்தோடு வெளியே வர வேண்டும். பென்சன் இல்லை. பழைய முறையில் பாதி தாண்டி நின்றவர்களின் தேர்வு ரத்து. முதலில் இருந்து வா என்றார்கள். பீகாரில் ரயில் எரிந்தது. செகந்திராபாத் ஸ்டேஷனில் போலீஸ் சுட்டதில் ஒரு இளைஞன் செத்தான். சென்னையில் போர் நினைவுச் சின்னத்துக்கு எதிரே பையன்கள் உட்கார்ந்தார்கள். "உடற்தகுதியில் தேறிவிட்டோம், பரீட்சை மட்டும் வை" என்பதற்கு மேல் அவர்கள் எதுவும் கேட்கவில்லை. வழக்குப் போட்டார்கள். 2023 பிப்ரவரி 27 அன்று டெல்லி உயர் நீதிமன்றமும், ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றமும், தேறிய பட்டியலில் இருப்பதாலேயே வேலைக்கு உரிமை வந்துவிடாது என்று முடித்துவிட்டன.

சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். அந்த இரண்டரை வருசம் யாருடையது?

7

எங்கள் பக்கத்துக் காலனிகளில் இப்படி நின்ற பையன்கள் சிலரோடு பேசியிருக்கிறேன். ஒருத்தன் சொன்னான்: "ஓடறதுல ஒண்ணும் கஷ்டம் இல்லண்ணே. ஓடி முடிச்சிட்டு நிக்கறதுதான் கஷ்டம். இன்னிக்கு வரும் நாளைக்கு வரும்னு போனையே பாத்துகினு இருந்தேன். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தா வீட்டுக் கடனாச்சும் அடைஞ்சிருக்கும்." இன்னொருத்தன் அம்மா: "நூறு நாள் வேலைக்குப் போயி முட்டை வாங்கிக் குடுத்தேன் சாமி. ஒடம்பு எளைச்சிடப் போவுதுன்னு. இப்போ அவன் வெளியவே வர மாட்டேன்றான். ஏரு ஓட்டவும் கூப்புட மாட்டேன்றாங்க, பட்டாளத்துக்கும் கூப்புட மாட்டேன்றாங்க."

காத்திருப்பு எல்லாச் சாதிப் பையனுக்கும் வந்ததுதானே, அதை ஏன் தலித் பிரச்சினை ஆக்குகிறாய் என்று தோழர்களே கேட்கிறார்கள். வந்தது உண்மை. ஆனால் காத்திருக்கவும் ஒரு சொத்து வேண்டும். அஞ்சு ஏக்கர் உள்ளவன் மகன் காத்திருந்தால் அப்பாவுடைய வரப்பில் காத்திருப்பான். நம் பையன் காத்திருந்தால் அம்மாவின் கூலியில் காத்திருக்கிறான். வேலைக்குப் போனால் ஓட்டப் பயிற்சி போய்விடும். போகாவிட்டால் அடுப்பு எரியாது. சித்தாள் வேலையில் முதுகு வளைந்த ஆறு மாதத்தில் ஐந்தரை நிமிசம் ஆறரை நிமிசம் ஆகிவிடும். அப்புறம் தேதி வந்தும் என்ன பிரயோசனம்?

இதைவிடப் பெரிய விசயம் வயசு. மத்திய அரசின் மற்ற வேலைகளில் எஸ்.சி., எஸ்.டி.க்கு வயசு வரம்பில் ஐந்து வருசம் தளர்வு உண்டு. பி.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப். காவலர் வேலையிலும் உண்டு, இடஒதுக்கீடும் உண்டு. அங்கேயும் இழுத்தடிப்பு இல்லாமல் இல்லை. 2018 ஜூலையில் அறிவித்த காவலர் தேர்வுக்கு இறுதிப் பட்டியல் வந்தது 2021 ஜனவரியில். அதிலும் இடம் நிரப்பவில்லை என்று 2022 கோடையில் நாக்பூரில் இருந்து டெல்லி வரை இளைஞர்கள் நடந்தே போனார்கள். இருந்தாலும் அங்கே நம் பையனுக்கு அந்த ஐந்து வருசம் ஒரு கைப்பிடி. ராணுவத்தில் அந்தக் கைப்பிடி இல்லை. பொதுப்பணி வீரருக்குப் பழைய முறையில் பதினேழரை முதல் இருபத்தொன்று வரை. மூன்றரை வருசம்தான் வாசல் திறந்திருக்கும். அதில் இரண்டு வருசத்தை அரசு எடுத்துக்கொண்டது. மிச்சம் என்ன?

1892இல் உத்தரவு போட்டுச் செய்ததை இப்போது காலண்டர் செய்கிறது. உத்தரவு என்றால் அதற்கு எதிராக மனு போடலாம். வலங்கர் போட்டார், காம்ப்ளே போட்டார். காலண்டருக்கு எதிராக யாரிடம் மனு போடுவது? யாரும் உன்னை நிராகரிக்கவில்லையே, உனக்கு வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்கிறார்கள்.

8

நம்மில் சிலருக்கு வேறு கேள்வி உண்டு. கம்பெனிக்குக் கூலிப்படையாகப் போனதில் என்ன பெருமை? அரசின் துப்பாக்கியைத் தூக்கத் தலித் ஏன் வரிசையில் நிற்க வேண்டும்? நியாயமான கேள்வி. துப்பாக்கி யார் பக்கம் திரும்பும் என்பது நமக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைப் படிப்பும் நிலமும் உள்ளவன் கேட்கும்போது ஒரு அர்த்தம். வேறு வழியே வைக்காத சேரியைப் பார்த்துக் கேட்கும்போது வேறு அர்த்தம். எங்கள் மாவட்டம் தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனது 2023 ஜனவரி 30 அன்று. கலெக்டரும் போலீசும் கூட வந்தார்கள். சுமார் எண்பது வருசக் காத்திருப்பு. இப்படிப்பட்ட மண்ணில் ஊரை அண்டாமல் மாதம் பிறந்தால் வருகிற ஒரு பென்சன் என்ன வேலை செய்யும் என்பதை வலங்கர் வரலாறும் சொல்கிறது, எங்கள் பெரியப்பா வரலாறும் சொல்கிறது. நம் முதல் சங்கங்களைக் கட்டியவர்களில் பென்சன்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பண்ணையார் கூலியை நிறுத்திவிடுவான் என்ற பயம் இல்லாதவன்தான் கூட்டம் போட முடிந்தது. அக்னிபத் அடிப்பது அந்த இடத்தில். நாலு வருசம் கழித்து வெளியே வருகிறவனுக்குப் பென்சன் இல்லை என்றால், சேரியில் நின்று பேச ஒரு ஆள் குறைகிறான்.

ஆகவே கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். ஆள் எடுப்பதை அரசே நிறுத்தி வைத்த காலத்தை விண்ணப்பித்தவனின் வயசில் கழிக்கக் கூடாது. இது முடியாத காரியம் அல்ல. 2022இல் எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டே நாளில் அந்த ஒரு வருசத்துக்கு மட்டும் வரம்பை இருபத்து மூன்றாக உயர்த்தினார்களே. ரயில் எரிந்தால் காலண்டரைத் திருப்ப முடிகிறது என்றால், எரியாமலும் திருப்ப முடியும். மற்ற மத்திய அரசு வேலைகளில் உள்ள ஐந்து வருசத் தளர்வு படையிலும் வேண்டும். முகாமில் தேறியவனுக்கு அடுத்த கட்டம் எத்தனை நாளுக்குள் என்று எழுத்தில் தர வேண்டும். அந்த நாள் தவறினால் அவன் தேறியது தேறியதாகவே இருக்க வேண்டும். படையில் எஸ்.சி., எஸ்.டி. எத்தனை பேர் என்ற கணக்கை வெளியிட வேண்டும். 1940இல் அம்பேத்கர் சுட்டிக்காட்டிய மௌனம் இன்னும் கலையவில்லை.

மாணவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் காலனியில் பட்டாளத்துக்கு ஓடிப் பார்த்து வயசு போனவர்கள் யார் யார், எந்த வருசம் ஓடினார்கள், எத்தனை நாள் காத்திருந்தார்கள், அதற்குள் என்னென்ன வேலையை விட்டார்கள், எவ்வளவு கடன் ஆனது என்று உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள். வெள்ளைக்காரன் பலகையில் போனவர்களின் எண்ணாவது இருக்கிறது. போக விடாமல் நிறுத்தப்பட்டவர்களுக்கு எண்கூட இல்லை. அதை நாம்தான் எழுத வேண்டும்.